வழியாத தொட்டி

பிப்ரவரி 3, திங்கள்

இந்த டைரியைக் கொடுத்தவர் தாரணி மேடம். போன வாரம் கரி தள்ளுகிற ஆள் ஒருவனை நான் அறைந்துவிட்டேனாம். ஈரக் கரியைக் கொண்டுவந்து உலையில் கொட்டினால் அறையாமல் கொஞ்சுவார்களா? "கை நீளும்போதெல்லாம் பேனாவ எடுங்க மேஸ்திரி. எழுதி முடிக்கறதுக்குள்ள கோபம் எறங்கிருமுங்க" என்கிறார். கோயமுத்தூரில் இன்ஜினியருக்குப் படித்தவர். எங்கள் விருத்தாசலத்து வெயிலில் ஒரு மாசம் ஆட்களை வைத்து வேலை வாங்கினால் அவருக்கும் கை நீளும்.

சரி, எழுதுகிறேன். பெயர் தேசிங்கு. வயது நாற்பத்தாறு. டைல்ஸ் கம்பெனியில் கரிவாயு பிளாண்டுக்கு மேஸ்திரி. எங்களுக்கு வருவது யாருக்கும் வேண்டாத கரி. பாதி மண், பாதி ஈரம், மீதி தூள். அதை உருண்டை பிடித்து இரும்பு உலையில் போட்டு, முழுக்க எரியவிடாமல் காற்றையும் நீராவியையும் அளந்து கொடுத்தால் கரி வாயுவாகிவிடும். அந்த வாயுவில்தான் சூளை எரிகிறது. சாம்பல் செங்கல் அறுக்கப் போகிறது. தார் பீப்பாயில் போகிறது. ஒன்றும் வீண் இல்லை.

கேட்டில் ஒரு பலகை இருக்கிறது. ‘இன்று வெளியே போன கழிவு’ என்று பெயின்ட்டில் எழுதி, கீழே சாக்பீஸில் தினமும் நான் ஒரு பூஜ்யம் போடுவேன். இன்றோடு நாற்பத்தொரு பூஜ்யம்.

பிப்ரவரி 5, புதன்

தார் பிடிக்கும் புது மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. முன்பெல்லாம் வாயு துளி கசிந்தாலும் தார் நாற்றம் மூக்கைப் பிடுங்கும். இப்போது வாயுவுக்கு வாசனையே இல்லை. மலர்க்கொடி என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா, வேலைக்குப் போனியா, கல்யாணத்துக்குப் போனியா?" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் என் சட்டையைப் பற்றி அவள் நல்ல வார்த்தை சொன்னது இன்றுதான்.

சவரிமுத்து காலையிலேயே எரிச்சலைக் கிளப்பினான். உலை உச்சியில் நின்று கம்பியால் கரியைக் குத்திவிடுகிற ஆள். தெற்குத் தெரு.

"மேஸ்திரி, தொட்டி வழியலைங்க."

வாயுக் குழாய்க்குக் கீழே ஒரு தொட்டி உண்டு. அதில் தண்ணீர் நிறைய நிற்கும்வரை வாயு வெளியே வராது; வந்தால் மூச்சுக்கு விஷம். தண்ணீர்தான் அதற்குக் கதவு. மூடி போட்ட தொட்டி. மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாய் தார் படிந்து கறுத்து வருஷக்கணக்காகிறது. ஓரத்தில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்துகொண்டிருந்தால் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வழிகிற தண்ணீர்தான் கம்பெனியிலிருந்து ஓடைக்குப் போய்க்கொண்டிருந்த கடைசிக் கழிவு. அதை நிறுத்தியது நான். வால்வை அரைச் சுற்றாக்கி, ‘இதற்கு மேல் திறக்கக் கூடாது – தேசிங்கு’ என்று பெயின்ட்டில் எழுதியும் வைத்தேன். மேடம் யோசனை இல்லை, முதலாளி யோசனை இல்லை. என் யோசனை.

"வழியாம இருந்தாதான்டா பூஜ்யம்" என்றேன்.

"மார்கழில சரிங்க. இப்ப வெயில் ஏறிடுச்சி. உள்ள வத்துனா நமக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குப் பாடம் எடுக்கிறான். கன்னத்தில் ஒன்று வைத்தேன். அப்புறம்தான் பேனா ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

தலைவலி. டீ மூன்று, மாத்திரை ஒன்று.

பிப்ரவரி 8, சனி

இன்று மூன்று சண்டை. கரி தள்ளுகிறவர்கள் இரண்டு பேர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். என்னடா தகராறு என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சூளை ஆள் ஒருவன் டைல்ஸ் அட்டைப்பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். மூன்றாவது சண்டை என்னுடையது. எழுதுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. அவனுக்கு ஒரு பல் போயிருக்கும்.

தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மைனா செத்துக் கிடந்தன. வெயில் அப்படி. எடுத்துப் போட்டேன். தலைவலி விடவில்லை. மீட்டரை இரண்டு தடவை படித்தும் எண் மனசில் நிற்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

லீவு. கொளஞ்சியைக் கூட்டிக்கொண்டு ஏரிமீன் வாங்கப் போனேன். என் தம்பி. வயது இருபத்தெட்டு. அவனும் சவரியோடு உலை உச்சியில் கம்பி பிடிக்கிறான். அப்பா செத்தபோது அவன் மூன்றாம் வகுப்பு. நான் வளர்த்த பிள்ளை. வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கிறோம். பெண் பெண்ணாடத்தில். "போன்ல என்னாடா அவ்ளோ நேரம் பேசுவீங்க?" என்று கேட்டால் மீனைப் பார்த்துச் சிரிக்கிறான்.

தலைவலி இல்லை. நாள் முழுக்க யார்மீதும் கோபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்ல கிழமை.

பிப்ரவரி 10, திங்கள்

மலர்க்கொடி பேசவில்லை. இடது காதில் இரைச்சலாக இருக்கிறதாம். குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பிப்ரவரி 12, புதன்

ஐம்பதாவது பூஜ்யம். முதலாளி வந்து எல்லார் எதிரிலும் எனக்குச் சால்வை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார். "கழிவே இல்லாத கம்பெனி, காரணம் தேசிங்கு" என்றார். தாரணி மேடம் கை தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியது என்று எழுதுவதில் என்ன வெட்கம்?

அந்த சந்தோஷம் மத்தியானம் வரைக்கும்கூட நிற்கவில்லை. கொளஞ்சி வழக்கம்போலத் தொட்டியை ஒட்டின சுவர் நிழலில் சாப்பிட உட்கார்ந்தான். பிளாண்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். சவரி போய், "இங்க குந்தாதடா, எழுந்திரி" என்றிருக்கிறான். இவன் எழவில்லை. சவரி சோற்றுத் தூக்கைக் காலால் எத்திவிட்டான். மலர்க்கொடி கட்டிக்கொடுத்த சோறு கரித்தூளில் கிடந்தது.

தெற்குத் தெருக்காரன் எங்கள் வீட்டுச் சோற்றை உதைக்கிறான். கொளஞ்சி கம்பியை எடுத்து அவன் தோளில் ஒன்று போட்டான். சவரி கம்பியைப் பிடுங்கிக்கொண்டானே தவிர திருப்பி அடிக்கவில்லை. பயம். நான் குறுக்கே புகுந்து சவரியின் சட்டையைப் பிடித்து மண்ணில் தள்ளினேன்.

"தம்பிய அங்க உக்கார வாணாம்னு சொல்லுங்க மேஸ்திரி. எனக்கு அங்க நின்னா தல சுத்துது" என்றான் கீழே கிடந்தபடி.

"ஒனக்கு எங்க நின்னாலும் சுத்தும். குடிக்கறத நிறுத்து."

அவன் குடிக்க மாட்டான் என்று கொளஞ்சியே அப்புறம் சொன்னான்.

பிப்ரவரி 13, வியாழன்

கொளஞ்சி செத்துப்போனான்.

எழுதினால் கோபம் இறங்கும் என்றார்கள். பார்ப்போம்.

காலை பத்தே கால். நான் கரி யார்டில் இருந்தேன். "ஓடியாங்க! ஓடியாங்க!" என்று கத்தல் கேட்டது. சவரி குரல். ஓடினேன். தொட்டியிலிருந்து பத்தடி தள்ளிக் கொளஞ்சி மல்லாந்து கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. தொட்டியின் சிமென்ட் விளிம்பில் ரத்தம், அங்கிருந்து இவன் கிடந்த இடம்வரை கோடு போட்டதுபோல ரத்தம். சவரி குனிந்து இவன் அக்குளில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டிருந்தான். அவன் சட்டை பூராவும் என் தம்பி ரத்தம்.

"கொன்னுட்டியேடா" என்றேன்.

சவரி என்னவோ சொல்ல வந்தான். நாக்கு குழறியது. கால் நிற்கவில்லை. வாந்தி எடுத்தான். காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்து செய்திருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். ஒருவன் கல்லை எடுத்து வீசினான். அடுத்த கல் அவன் காதில் பட்டது. அவன் தள்ளாடிக்கொண்டே ஓடினான்.

கொளஞ்சி முகத்தில் வலியே இல்லை. உதடு வெற்றிலை போட்டதுபோலச் சிவந்திருந்தது. அவன் வெற்றிலை போடமாட்டான்.

எல்லாரும் அவனைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார்கள். நான் பின்னால் வந்தேன். வருகிற வழியில் தொட்டி வால்வை நாலு சுற்று திறந்துவிட்டேன். வெயில் நாள். திறந்தேன், அவ்வளவுதான். போலீஸ் வந்து போட்டோ எடுக்கும்போது தொட்டி வழிந்துகொண்டிருந்ததாம்.

பலகையில் இன்று ஒன்றும் எழுதவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

உடம்பைக் கொடுத்தார்கள். ரத்தம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்களாம், முடிவு வர நாளாகுமாம். மண்டை உடைந்து கிடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு டெஸ்ட் எதற்கு?

சுடுகாட்டிலிருந்து திரும்பினவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நாற்பது பேர் இருப்போம். நேராகத் தெற்குத் தெரு. சவரி வீட்டுக் கதவை உடைத்தார்கள். டிவி, பீரோ, தையல் மெஷின் எல்லாம் தெருவுக்கு வந்தது. அவன் பைக்கைக் கொளுத்தினார்கள். அவன் பெண்டாட்டி ஒருத்தி மட்டும் வாசலில் நின்று, "எம் புருசன் தூக்கத்தான்யா போனாரு" என்று கத்தினாள். அவளை யாரோ முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள். நான் தடுக்கவில்லை. நான்தான் முன்னால் நின்றேன்.

அவன் முந்திரித் தோப்பில் இருந்தான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். நான் கொளஞ்சியின் கம்பியைக் கொண்டுபோயிருந்தேன். "எந்தக் கைடா?" என்று கேட்டேன். வலது கையைக் கல்மேல் வைக்கச் சொல்லி அடித்தேன். முதல் அடியில் ஒடியவில்லை. மூன்றாவதில் ஒடிந்தது. சத்தம் முருங்கைக் கிளை முறிவது மாதிரிதான் இருந்தது.

அடிக்கும்போது அவன், "தொட்டி மேஸ்திரி, தொட்டி" என்றான். எனக்குக் கேட்டது. கேட்டதனால்தான் மூன்றாவது அடி.

தப்பி ஓடும்போது விழுந்து ஒடித்துக்கொண்டான் என்று நாற்பது பேரும் ஒரே வாயாகச் சொன்னோம். கொலைக்கேஸில் அவனை ஆஸ்பத்திரியில் காவலோடு படுக்கவைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினேன். எங்கள் பக்கத்தில் அநியாயம் நடந்தால் சாமிக்கு மனு எழுதி, அங்கே முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவோம். தொண்ணூறு நாளில் முனியப்பர் போய் விசாரித்துத் தீர்ப்பார். தம்பிக்குப் பெயரே அந்தச் சாமி பெயர்.

எழுதித் தருகிறவர் பெரியவர். "வாதி பேரு சொன்ன. பிரதிவாதி பேரு, தெரு சொல்லுப்பா. முனியப்பர் எந்த வூட்டுக்குப் போவணும்?"

"பேரு எதுக்குங்க? எந்தக் கை காரணமோ அந்தக் கைன்னு எழுதுங்க."

"அப்பிடியெல்லாம் மொட்டையா எழுதக் கூடாது."

சவரிமுத்து, தெற்குத் தெரு என்று சொன்னேன். சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிப்ரவரி 22, சனி

ஒன்பது நாளாகத் தொட்டி வழிகிறது. பலகையில் ‘மூன்று குடம்’ என்று எழுதுகிறேன். தாரணி மேடம் பார்த்துவிட்டுத் துக்க வீட்டுக்காரன் என்று ஒன்றும் சொல்லவில்லை. ஒருவனுக்கும் தலைவலி இல்லை. ஆட்கள் டீக்கடையில் சிரித்துப் பேசுகிறார்கள். மண்வெட்டி தூக்கினவர்கள் இரண்டு பேரும் ஒரே பைக்கில் வருகிறார்கள்.

எல்லாம் கொளஞ்சி போன துக்கத்தில் அடங்கிவிட்டது என்று மலர்க்கொடியிடம் சொன்னேன். அவள் வலது காதைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

கருமாதி. பெண்ணாடத்துப் பெண் வந்திருந்தாள். படத்துக்கு முன்னால் நின்றாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை, தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

மார்ச் 3, திங்கள்

புருவம் கருகிவிட்டது. எழுதித்தான் ஆகவேண்டும்.

கழிவே இல்லாத கம்பெனியைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தாரணி மேடம் காலையிலேயே வால்வைப் பழையபடி அரைச் சுற்றாக்கியிருக்கிறார். நான் பெயின்ட்டில் எழுதியதைப் படித்துத்தான் செய்தார். எனக்குத் தெரியாது. நான் உலை உச்சியில் இருந்தேன். புது ஆளுக்குக் கம்பி பிடிக்கக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் இரண்டரை இருக்கும். வந்தவர்கள் சூளைப் பக்கம் போயிருந்தார்கள். மேடம் மட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். மேலிருந்து பார்த்தேன். நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சுவர் நிழலில் போய்ச் சாய்ந்தார். கொளஞ்சி உட்காருகிற அதே இடம். பிறகு அப்படியே சரிந்தார்.

வேறு எவனாக இருந்தாலும் "மேடம்" என்றுதான் கத்தியிருப்பான். என் வாயில் வந்தது அது இல்லை.

"தொட்டிக்குத் தண்ணி! வால்வத் தொறங்கடா! ஒருத்தனும் மூச்ச இழுக்காத!"

பிளாண்டு முழுக்கக் கேட்டது. ஏணியில் இறங்கவில்லை, விழுந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, மேடத்தின் அக்குளில் இரண்டு கையையும் விட்டு இழுத்தேன். அவர் தலை சிமென்ட் விளிம்பில் இடித்தது. ரத்தம் வந்தது. இழுத்துக்கொண்டே வந்தேன். தரையில் கோடு போட்டதுபோல ரத்தம்.

கேட் பக்கம் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் இருபதடி வந்திருப்போம். பின்னால் டமார் என்றது. தொட்டி மூடி பறந்து சூளைக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. நெருப்பு ஒரே மூச்சாக வந்து என் முகத்தைத் தடவிவிட்டுப் போனது. வெல்டர் சட்டையில் தீப்பிடித்து உருண்டான். பிழைத்துக்கொண்டான்.

மேடத்துக்கு மூச்சு இருந்தது. என் சட்டை பூராவும் அவர் ரத்தம். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் பேச வாயெடுத்தேன். நாக்கு குழறியது. வாந்தி எடுத்தேன்.

யாரும் என்மேல் கல்லெறியவில்லை.

மார்ச் 5, புதன்

மேடத்தைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கரிவாயு ரத்தத்தில் ஏறினால் தலைவலி, கோபம், மயக்கம், உதட்டுச் சிவப்பு எல்லாம் வருமாம். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். சொன்னார். பிறகு கேட்டார்.

"மேஸ்திரி, நான் விழுந்த ஒடனே தொட்டிக்குத் தண்ணின்னு கத்துனீங்களாமுங்க. எப்படித் தெரிஞ்சுதுங்க?"

நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்பது நாளா வழியாத தொட்டி. கொளஞ்சி செத்த அன்னைக்குப் போலீஸ் போட்டோவுல வழியுது. யாருங்க தொறந்துவிட்டது?"

உரித்த பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மலர்க்கொடியிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அவள் காதில் அறைந்ததைப் பற்றியும். அவள் அழுவாள் என்று பார்த்தேன். "அடி நின்னது எனக்குத் தெரியாத சேதி இல்ல. நீ என்னிக்கித் தொட்டியத் தொறந்தியோ அன்னிலேர்ந்து இந்த வூட்ல அடி இல்ல. எனக்கு எண்ணத் தெரியாதா?" என்றாள். பிறகு சொன்னாள்: "ஆனா அதுக்கு மின்ன இருபது வருசம் அடிச்சியே, அப்ப எந்தத் தொட்டி?"



மார்ச் 6, வியாழன்

கோயிலுக்குப் போனேன். கட்டின பிராதை விலக்கிக்கொள்ள ராஜினாமா என்று ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன்.

"இன்னொரு பிராது எழுதணும்" என்றேன்.

"வாதி?"

"தேசிங்கு."

"பிரதிவாதி?"

"தேசிங்கு."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஒரே ஆளு ரெண்டு பக்கமும் நிக்க முடியாதுப்பா. அடிபட்டவன் வந்து எழுதணும்."

மார்ச் 7, வெள்ளி

சவரியைப் பார்க்கப் போனேன். வாசலில் இருந்த கான்ஸ்டபிள் என்னை உள்ளே விட யோசித்தார். "வரட்டும் சார். என்னா பண்ணிடுவாரு இன்னமே" என்றான் சவரி.

வலது கை தோள்வரை மாவுக்கட்டு. பிளேட் வைத்திருக்கிறார்களாம். இனிமேல் கம்பி பிடிக்க முடியாதாம். அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். தொட்டியைப் பற்றிச் சொன்னேன். வால்வைப் பற்றிச் சொன்னேன். "கொளஞ்சியப்பர்கிட்ட எம்மேல ஒரு பிராது குடு சவரி" என்றேன்.

அவன் தன் மாவுக்கட்டைப் பார்த்தான்.

"ஒங்க சாமி மெதுவா வருவாரு மேஸ்திரி. எனக்குக் கேஸ் நாளைக்கே ஒடயணும். ஸ்டேசனுக்கு எழுதணும். எழுதற கையத்தான் ஒடச்சிட்டீங்க. நீங்களே எழுதுங்க. நான் சொல்றன்."

டைரியைத் திறந்தேன். அவன் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"ஐயா, எம் பேரு சவரிமுத்து. தொட்டி வழியலன்னு அஞ்சாம் தேதி சொன்னன். மேஸ்திரி அறைஞ்சாரு. கொளஞ்சி அங்க உக்காந்து சாப்புடறத நிறுத்தறதுக்குச் சோத்த எத்தினன். சோத்த எத்தினது தப்பு, அதுக்கு நான் ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டன். மறுநாள் அவன் தொட்டி விளிம்புல வுழுந்து மண்ட ஒடஞ்சி கெடந்தான். தூக்கப் போனன். எனக்கும் கண்ணு கட்டிச்சி. விட்டுட்டு ஓடியிருந்தா எனக்குக் கை இருந்திருக்கும். பத்தடி இழுத்துகினு வந்தன். அதுக்குள்ள மேஸ்திரி வந்துட்டாரு. தண்ணி வால்வ அடச்சது அவரு. போலீஸ் வர்றதுக்கு மின்ன தொறந்ததும் அவரு. தோப்புல எங்கையக் கல்லுமேல வச்சி அடிச்சதும் அவரு. மூணு அடி. நான் வுழுந்து ஒடைக்கல. எம் பொண்டாட்டி முடியப் புடிச்சி இழுக்கறப்ப அவரு பாத்துகினு நின்னாரு. இதுல பொய் இல்ல."

"‘அவரு’ன்னு சொல்லாத. பேரச் சொல்லு" என்றேன்.

"நான் அப்பிடித்தான் சொல்றன். நீங்க எழுதறது எழுதுங்க."

எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். கான்ஸ்டபிள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட முடியாததால் இடது பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னார். மை இல்லை. பேனாவைக் கழற்றி அவன் விரலில் என் கையாலேயே மையைத் தேய்த்தேன். விரலைப் பிடித்துக் கீழே அழுத்தினேன்.

இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்தால் போதும் என்றார் கான்ஸ்டபிள். வேண்டாம், முதல் பக்கத்திலிருந்தே படிக்கட்டும். டைரியையே கொடுக்கிறேன்.

எழுதியவன்: தேசிங்கு.